கடைசி ஐந்து படகுகள்

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்கு ஓரத்துக் குப்பத்தில், கடல் வழக்கமான கோட்டைத் தாண்டி இருபத்திரண்டு அடி மேலேறி நின்றது. கரையில் இருபத்தெட்டு ஃபைபர் படகுகள் இருந்தன.

புயல் மறுநாள் கரையைக் கடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அமாவாசையும் நெருங்கியிருந்தது. கடல் ஏறுகிற ஏத்தம் காலையிலேயே இவ்வளவு என்றால் மாலை ஏத்தம் எங்கே நிற்கும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்குள் படகுகள் மீன் ஏலக்கூடத்தைத் தாண்டி மேட்டுக்கு ஏறியாக வேண்டும். அதற்குக் கரையில் ஒரே ஒரு டிராக்டர்தான் உண்டு. அது தங்கவேலுடையது.

தங்கவேலிடம் ஒரு வரிசை இருந்தது. சொந்தமாகக் கடலுக்குப் போகிறவனின் படகு முன்னால் ஏறும். ஆள் வைத்து ஓட்டுகிறவர்களின் படகு பின்னால் ஏறும். கேட்டால் அதற்கு அவர் ஒரு நியாயமும் சொல்வார்: உயிரைக் கொடுத்து ஓட்டுகிறவனுக்குத்தான் முதல் மரியாதை. ஆள் வைத்து ஓட்டியவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் பெண்கள். சிலருக்குப் புருஷன் இல்லை, சிலருக்கு இருந்தும் கடலுக்குப் போகிற உடம்பு இல்லை. எனவே அந்த வரிசையில் இருபத்து நான்காவதிலிருந்து இருபத்தெட்டாவது வரை எப்போதும் பெண்களின் படகுகளாகவே இருந்தன.

முந்தைய ஆண்டுப் புயலில் ஜலஜாவின் படகு இருபத்தாறாவது. டிராக்டர் இருபத்து மூன்றாவதை இழுத்துக்கொண்டிருந்தபோது அலை அவள் படகைத் தூக்கி ஏலக்கூடத் தூணில் அடித்தது. படகு நடுவில் இரண்டாகப் பிளந்தது. அடுத்த எட்டு மாதம் அவள் மற்றவர்களின் மீனை வாங்கி விற்றாள். ஆகஸ்டில் வேறொரு பழைய படகு வாங்கினாள். இந்த முறை அது தண்ணீருக்கு மிக அருகில் நின்றது.

அவளிடம் வண்டி ஒன்றும் இருந்தது. 1997ஆம் ஆண்டு ஜப்பானில் செய்த ஃபோர் வீல் டிரைவ். டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் விட்டு, மூன்று கை மாறி அவளிடம் வந்தது. ஆழ்வார்பேட்டை ஓட்டல்களுக்கு மீனும் ஐஸும் கொண்டுபோகப் பின்னால் ஒரு சிறிய டிரெய்லரை மாட்டி அவளே ஓட்டினாள். குப்பத்தில் அதற்குக் கான்சல் வண்டி என்று பெயர்.

புதன்கிழமையே அவள் மற்ற நான்கு பேரிடமும் சொல்லிவிட்டாள். அஞ்சு படகையும் நானே இழுக்கிறேன். யாரும் வரிசையில் நிக்க வேணாம்.

இது தங்கவேலின் காதுக்குப் போக அரை மணி நேரம் ஆயிற்று.

"இன்னாமே, ஷோரூம் வண்டிய வெச்சிக்கினு படகு இழுக்கப் போறியாமே?" என்று அவர் ஏலக்கூடத்து நிழலிலிருந்தே கத்தினார். "அது ஆட்டோமேட்டிக்மே. ரெண்டு இழுப்பு தாங்காது. கியர் பாக்ஸ் வெந்து கஞ்சியாயிடும்."

"கஞ்சியானா உனக்கும் ஒரு சொம்பு குடுத்தனுப்புறேன் மாமா, குடி" என்றாள் ஜலஜா.

ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கே மயிலாப்பூரில் இருந்த தௌஃபீக்கின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனாள். தௌஃபீக்குக்கு முப்பத்தைந்து வயது. பழைய ஃபோர் வீல் டிரைவ்களை மட்டும் பார்ப்பவன். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அக்கா, மேனுவல் வண்டில கிளட்ச் தேயும். இதுல உள்ள இருக்கற எண்ணெய்தான் வேலை செய்யுது. வண்டி நகராம எஞ்சின் மட்டும் சுத்திச்சின்னா, அந்த சக்தி பூரா எண்ணெய்ல சூடா எறங்கும். மணல்ல, பின்னால ஒண்ணேகால் டன்னோட, இது பாதி நேரம் அப்படித்தான் சுத்தும்."

"இழுக்குமா, இழுக்காதா?"

"இழுக்கும். இழுத்துட்டு உயிரோட இருக்குமான்னு கேளு."

"செரி, உயிரோட இருக்க இன்னா பண்ணணும்?"

அவன் புதுப்பேட்டையிலிருந்து ஒரு லாரியின் ஆயில் கூலரை வாங்கிவந்து ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினான். கியர் பாக்ஸிலிருந்து சூடான எண்ணெய் ஒரு குழாய் வழியே அதற்குள் வந்து, ஆறி, இன்னொரு குழாய் வழியே திரும்பிப் போகும். எண்ணெய் வெளியே வருகிற இடத்தில் வெப்பமானி ஒன்றை வைத்து, அதன் முகத்தை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினான். பிறகு வெள்ளை மார்க்கரால் டேஷ்போர்டில் நான்கு வரி எழுதினான்.

சின்ன கியர் லிவர் லோவில் மட்டும் (இழுவைக்கு).
டயரில் பாதிக் காற்று.
110 வந்தால் நிறுத்து. 90 வராமல் இழுக்காதே.
நிறுத்தினால் N. எஞ்சினை அணைக்காதே.

"கடைசி வரிதான் முக்கியம்" என்றான். "எல்லாரும் இன்னா பண்ணுவாங்க, சூடாயிடிச்சின்னு ஆஃப் பண்ணிடுவாங்க. ஆஃப் பண்ணா உள்ள பம்பு நின்னுடும். சூட்டு எண்ணெய் அதே எடத்துல நின்னு வேகும். நியூட்ரல்ல போட்டு ஓட வுடு. அதுவே கூலருக்குப் போய்ட்டு வரும்."

வெள்ளிக்கிழமை காலை ஏத்தம் இறங்கிய பிறகு, பத்து மணிக்கு முதல் படகைத் தொடங்கினார்கள். அது பங்கஜத்தினுடையது. பங்கஜத்துக்கு அறுபது வயது. நாற்பது ஆண்டுகள் தலைச்சுமையாக மீன் விற்றவர், வாய்க்குப் பேர் போனவர். படகு ஓட்டும் ஆட்கள் தங்கள் உறவுக்காரர்களின் படகுகளைத் தூக்கப் போய்விட்டதால், பெண்களே எஞ்சினையும் வலைகளையும் இறக்கி, மூக்கைத் தூக்கி, இரண்டு சக்கர டிராலியின் மேல் ஏற்றினார்கள்.

ஜலஜாவின் அண்ணன் மதிவாணன் கயிற்றைக் கட்டினார். இருபத்தாறு ஆண்டுகள் தி. நகரில் டாக்ஸி ஓட்டியவர். மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் அவருடைய கருப்பு மஞ்சள் அம்பாசிடர் நின்ற இடத்தைப் பழைய போர்ட்டர்கள் இன்றும் காட்டுவார்கள். வண்டியைப் பற்றி யார் பேசினாலும் அவர் கடைசியாக ஒன்று சொல்லாமல் விடமாட்டார்.

வண்டி மெதுவாக, மனிதன் நடக்கிற வேகத்தில், டயர்கள் சப்பையாக மணலை அமுக்க மேலே ஏறியது. ஏலக்கூடத்தின் பக்கவாட்டில் இருந்த சிமெண்ட் சரிவு வழியாக மேட்டுக்குப் போய் நின்றபோது முள் 98இல் இருந்தது. ஜலஜா நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கினாள்.

"ஒண்ணு" என்றார் பங்கஜம், டிராக்டர் பக்கம் கேட்கிற மாதிரி.

தங்கவேல் திரும்பிப் பார்த்தார். அடுத்த முறை அவர்கள் கீழே வந்து பார்த்தபோது, அவருடைய டிரெய்லர் சிமெண்ட் சரிவின் குறுக்கே நின்றிருந்தது; அவருடைய டிராக்டர் வரும்போது மட்டும் ஆட்கள் அதைத் தள்ளி வழி விட்டார்கள்.

"இன்னா மாமா இது?"

"எனக்கு இன்னும் பதினாறு படகு கீது. உன் வண்டி வழில நின்னுச்சின்னா அத்தினி பேரும் நிக்கணும். என் வேல முடிஞ்சதும் வழி உன்னுது."

"உன் வேல முடியறப்போ கடலு இங்க நிக்கும்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? கடல்கிட்ட சொல்லு."

சரிவு இல்லையென்றால் வடக்கே சுற்றிக்கொண்டு, ஆற்று முகத்தில் உடைந்து கிடக்கும் பாலத்தின் திசையில் போய், பொடிமணல் மேட்டில் ஏற வேண்டும். சரிவு வழியாக நூற்றிருபது மீட்டர். இந்த வழி முந்நூற்றைம்பது. கெட்டி மணல் கிடையாது. பெண்கள் ஜலஜாவைப் பார்த்தார்கள்.

"சுத்திக்கினு போலாம்" என்றாள். "கட்டுங்க."

இரண்டாவது படகு அந்த வழியில் போனது. பாதியில் முள் 110ஐத் தொட்டது. நிறுத்தினாள். பதினைந்து நிமிடம் எஞ்சின் நியூட்ரலில் ஓடியது. 90 வந்ததும் மீண்டும் இழுத்தாள். மேட்டில் சேர்க்கும்போது மணி பன்னிரண்டு பத்து. ஒரு படகுக்கு இவ்வளவு நேரம் என்றால் மீதி மூன்றும் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் கையிருப்பு நேரம் அதிகம் இல்லை.

மதிவாணன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படகுக்கு முன் ஓய்வுக்கு வண்டி நின்றபோது அவர் ஒரு கோணிப்பையைக் கடலில் முக்கி எடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த கூலரின் மேல் போர்த்தி, நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டினார். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்பாசிடரில் கோடைக்காலத்தில் பெட்ரோல் பம்பு சூடாகி வண்டி நின்றால், ஈரத்துணியைச் சுற்றினால் போதும், கிளம்பிவிடும். சென்னையில் டாக்ஸி ஓட்டிய எவரும் சீட்டுக்கு அடியில் ஒரு துணி வைத்திருந்தார்கள். இருபத்தாறு ஆண்டுகளில் அது ஒருமுறையும் அவரைக் கைவிட்டதில்லை.

மூன்றாவது படகு ஷீலாவினுடையது. ஒன்று ஐந்துக்கு, பொடிமணல் மேட்டுக்கு நூறு மீட்டர் இருக்கும்போது, முள் எங்கும் நிற்காமல் 110ஐத் தாண்டி 128க்குப் போனது. ஜலஜா பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டிக்கு அடியிலிருந்து புகை வந்தது. கருகிய வாசனை. சிவப்பு எண்ணெய் மணலில் சொட்டியது.

தங்கவேல் டிராக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தே வந்தார். குனிந்து சிவப்புச் சொட்டுகளைப் பார்த்தார்.

"நான் சொன்னேனா இல்லியா?" குரலில் கிண்டல் குறைவாகத்தான் இருந்தது. "வுடு ஜலஜா. வண்டிய காயலாங்கடைக்கு அனுப்பு. மிச்சம் மூணு படக நாளைக்குக் காலைல மொத வேலையா நானே இழுக்கறேன். என் வார்த்த."

"நாளைக்குக் காலைல எத்த இழுப்ப? பலகையவா?"

"புடிவாதம் புடிக்காத. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"போன வருஷமும் என் நல்லதுக்குத்தான் சொன்ன. இருபத்தாறாவதா நில்லுன்னு. நின்னேன். நீ போய் உன் டிரெய்லர எடு மாமா, அது நல்லது."

அவர் போகவில்லை. டிரெய்லரையும் எடுக்கவில்லை.

ஜலஜா தௌஃபீக்குக்குப் போன் செய்தாள். அவன் மயிலாப்பூரில் முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு காரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்ல. நியூட்ரல்ல ஓடிக்கினு கீது."

"அதான் வேணும். மேனுவல் வண்டில சூடுன்னா வேற. செரி, 128 திடீர்னு வராது அக்கா. கூலர் முன்னாடி போய்ப் பாரு. காத்து போறதுக்கு எதுனா அடைச்சிக்கினு கீதா?"

அவள் முன்னால் போய்ப் பார்த்தாள். கோணி எஞ்சின் சூட்டில் காய்ந்து விறைத்திருந்தது. உப்புப் பூத்திருந்தது. இழுக்கும்போது பறந்த ஈரமணல் முழுவதும் அதில் அப்பியிருந்தது. அவிழ்த்தபோது கூலரின் மெல்லிய தகடுகளுக்கு இடையிலும் மணல் சேறாகப் பூசிக்கிடந்தது.

"யார் கட்டனது இது?"

மதிவாணன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றார். "பம்புக்கு அப்படித்தான்..."

"அண்ணே, இது காத்துல ஆறுற சாமான். நீ அத்துக்குப் போர்வ போத்தி வுட்டுக்கீற."

"ஈரமா இருந்திச்சி பாப்பா."

"எவ்ளோ நேரம்?"

பங்கஜம்தான் சொன்னார்: "இத்தினி வருஷமா அந்த அம்பாசிடர் ஓடனது துணியாலன்னு நெனச்சிக்கினு கீறான். அது இவன் வாய்க்குப் பயந்து ஓடிச்சி."

சிரிப்பு வந்தது, மதிவாணனுக்குமே. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. கூலரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினாலும் தகடுகளுக்குள் போன மணல் முழுவதும் வரவில்லை. எண்ணெயும் ஒரு லிட்டர் அளவு போயிருந்தது. ஒன்றே முக்காலுக்கு முள் 112இல் நின்றது. இப்படிப் போனால் ஒரு படகுக்கு ஒன்றரை மணி நேரம். மூன்றுக்கு நான்கரை. கையில் இருந்தது மூன்றே கால்.

ஜலஜா வெப்பமானியைப் பார்த்தாள். பிறகு மேட்டில் வரிசையாக இருந்த ஐஸ்பெட்டிகளைப் பார்த்தாள்.

ஐஸ் வண்டி புதன்கிழமை வழக்கம்போல் வந்து போயிருந்தது. அன்று மாலையே கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்தது. யாரும் போகவில்லை, மீன் இல்லை. ஏழெட்டு பெட்டிகளில் உடைத்த ஐஸ் அப்படியே கிடந்தது.

"தௌஃபீக்" என்று மறுபடியும் போன் செய்தாள். "ஏசிக்குப் போடற செப்புக் குழா கீதுல்ல, சுருள் சுருளா? அத்த ஒரு இருபது அடி வாங்கிக்கினு வா. சேப்பு எண்ணெயும்."

"எதுக்கு அக்கா?"

"வா, சொல்றேன்."

அவன் இரண்டு இருபதுக்குப் பைக்கில் வந்தான். தோளில் செப்புச் சுருள், ஹேண்டில்பாரில் எண்ணெய் டின். அவள் சொன்னதைக் கேட்டதும் தலையை ஆட்டினான்.

"மீன்பெட்டிலயா? அக்கா, இது மாதிரி எவனும் பண்ண மாட்டான்."

"ஏன், தப்பா?"

அவன் யோசித்தான். "தப்புன்னு சொல்ல முடியாது. எண்ணெய்க்கு ஆறணும், அவ்ளோதான். ஆனா குழா எங்கயாவது புடுங்கிக்கிச்சின்னா ரெண்டு நிமிஷத்துல பூரா எண்ணெயும் மணல்ல. அத்தோட கத முடிஞ்சிது."

"புடுங்கிக்காத மாதிரி கட்டு."

"வெந்து போச்சின்னா என்ன வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன். கட்டு."

கழுவிய கூலரைக் கழற்றாமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து திரும்பிப் போகும் குழாயை வெட்டி, நடுவில் செப்புச் சுருளைச் சேர்த்தான். சுருளைப் பெரிய ஐஸ்பெட்டி ஒன்றின் அடியில் வைத்து, பெட்டியை முன் பம்பர் கம்பிகளோடு வலைக்கயிற்றால் கட்டினார்கள். அந்த முடிச்சுகளை மதிவாணன் போட்டார். மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பிறகு பெண்கள் ஐஸை அள்ளிக் கொட்டினார்கள். தௌஃபீக் எண்ணெய் ஊற்றி அளவுகோலைப் பார்த்தான். மூன்று மணி ஆக ஐந்து நிமிடம்.

"ஸ்டார்ட் பண்ணிக்கோ, இழுக்காத. முள்ளப் பாரு."

முள் 104. பிறகு 96. பிறகு 83.

"இன்னா மாயம் பண்ண அக்கா?" என்றான் தௌஃபீக் பெட்டியைப் பார்த்து.

ஷீலாவின் படகு நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது. மணல் மேட்டின் ஏற்றத்தில் முள் 101 வரை போய் இறங்கியது. மேட்டைத் தொட்டதும் பெட்டியில் பாதி ஐஸ் தண்ணீராகியிருந்தது. அடியில் இருந்த தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை விட்டுவிட்டு வேறு பெட்டியிலிருந்து ஐஸ் கொட்டினார்கள். ஓய்வு எடுக்கவில்லை. நான்காவது படகு மூன்று ஐம்பதுக்கு மேலேறியது. அதன் சொந்தக்காரி ஐஸ் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியோடு கூடவே நடந்து, கரையக் கரையக் கொட்டிக்கொண்டே வந்தாள்.

அதற்குள் கடல் திரும்பியிருந்தது. ஜலஜாவின் படகுக்கு அடியில் ஓர் அலை புகுந்து வெளியே வந்தது. டிராலியை அதன் மூக்குக்கு அடியில் நுழைக்க எட்டுப் பேர் இடுப்புத் தண்ணீரில் நின்றார்கள். தங்கவேலுக்கு இன்னும் நான்கு படகுகள் இருந்தன. அவருடைய டிராக்டர் ஓட்டுகிறவன் ஒரு கணம் இறங்கி வந்து டிராலியைப் பிடித்தான். யாரும் கூப்பிடவில்லை. பிடித்துவிட்டுத் திரும்பிப் போய் ஏறிக்கொண்டான்.

"வரிசைல உன் படக ஏன்டி கடைசியா வெச்ச?" என்று பங்கஜம் தண்ணீரில் நின்றுகொண்டே கேட்டார். "மொதல்ல இழுத்திருக்கலாமில்ல."

"அந்தாளு வெச்ச வரிச வேற, நான் வெச்ச வரிச வேற. வண்டி வெந்தா என் படகோட வேகட்டும்னு வெச்சேன்."

"வாயாடி. ஏறி ஒக்காரு."

ஈர மணலில் சக்கரங்கள் முதலில் புதைந்தன. ஜலஜா ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவில்லை. மிதித்தால் வண்டி நகராது, எண்ணெய்தான் கொதிக்கும். பின்னால் ஒரு அடி விட்டு, கயிறு தளர, மெதுவாக முன்னால் எடுத்தாள். இரண்டாவது முறையில் படகு அசைந்தது. மதிவாணன் வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, ஒரு கை பெட்டியில் வைத்துக்கொண்டு, முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். முள் 107 வரை போனது. ஜலஜா நிறுத்தவில்லை. 110 இன்னும் வரவில்லை.

நான்கு முப்பத்தெட்டுக்கு ஐந்தாவது படகு மேட்டில் நின்றது. அவள் நியூட்ரலில் போட்டு எஞ்சினை ஓடவிட்டாள். தௌஃபீக் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். சொட்டு இல்லை.

"அஞ்சு" என்றார் பங்கஜம்.

தங்கவேல் சிமெண்ட் சரிவின் மேல் நின்றிருந்தார். அவருடைய கடைசிப் படகு மேலேறியபோது மணி ஐந்து இருபது. அவர் தம் டிரெய்லரைச் சரிவிலிருந்து எடுத்தார்.

சனிக்கிழமை கடல் ஏலக்கூடத்தின் தூண்கள் வரை வந்தது. முந்தைய நாள் ஜலஜாவின் படகு நின்ற இடத்தில் நான்கடித் தண்ணீர் நின்றது. இருபத்தெட்டு படகுகளும் மேட்டில் இருந்தன.

டிசம்பர் 2, திங்கட்கிழமை, தௌஃபீக் கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்தான். கறுத்திருந்தது. உலோகத்தூள் இல்லை. வடிகட்டியை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, செப்புச் சுருளைக் கழற்றாமல் விட்டான். டேஷ்போர்டில் ஐந்தாவதாக ஒரு வரி எழுதினான்: கூலர்மேல் எதையும் போர்த்தாதே. மதிவாணன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை தங்கவேல் ஜலஜாவிடம், வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஓடுது என்றாள். அடுத்த தடவை சரிவில் தன் டிரெய்லர் நிற்காது என்றார். சரி என்றாள். வரிசையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

டிசம்பர் 4, புதன்கிழமை, தடை நீங்கியது. ஐந்து படகுகளையும் கான்சல் வண்டி கீழே இறக்கியது. காலை நான்கரைக்கு அவை கடலுக்குப் போயின.